ஆளில்லாத நாளில் வானொலி

எம் கல்லூரி வானொலி நிலையத்திற்குத் தானியங்கி மென்பொருள் ஒன்று தெரிந்தெடுக்கும் பொருட்டுச் சென்ற ஆண்டு ஒரு சிறு குழு அமைக்கப்பட்டபொழுது, அதில் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய எமக்கும் ஓர் இடம் அளித்தனர். பௌதிகத் துறை ஆசிரியர், நிலையத்துப் பொறிவினைஞர், கணினி வகுப்பு மாணவர் இருவர் ஆகியோர்க்கு ஆங்கு வேலை உண்டென்பதை யாவரும் ஒப்புவர். யாப்பும் அணியும் பயில்வார்க்கு அங்கு என்ன வேலை என்று நண்பர் பலர் நகைத்தனர். அந்நகைப்புக்கு விடை கூறுதல் எம் கருத்தன்று. ஏழு திங்கள் ஆராய்ந்து குழுவினர் கண்டவற்றுள் சிலவற்றைக் கல்லூரி அன்பர்க்கு உரைத்தலே கருத்து. ஆயினும், மென்பொருள் தெரிதல் என்பது விலையும் விசையும் மட்டும் பார்த்துச் செய்யும் வேலையன்று என்பது எமக்கு முதல் திங்களிலேயே புலனாயிற்று.

ஒரு நாள் ஒலிபரப்பை நெடியதொரு தோரணம் எனக் கொள்ளலாம். பாட்டு, உரை, உழவர்க்குக் குறிப்பு, நேர அறிவிப்பு, நிலையத்தின் பெயர் என ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை இடையறாது தொங்கவிட வேண்டும். இவற்றைக் கோப்பவர் ஒருவர் எந்நேரமும் ஒலிக்கூடத்தில் அமர்ந்திருந்தல்லது ஒலிபரப்பு நடவாத காலம் உண்டு. 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தார் ஒலிபரப்பத் தொடங்கியபொழுது, பாடுவோர் நேரே வந்து பாட வேண்டும். அன்றேல் ஒருவர் அருகிருந்து இசைத்தட்டைச் சுழற்ற வேண்டும். பொருள் முட்டுப்பாட்டால் அக்கழகம் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் பொறியைக் கொண்டு சென்னை நகராண்மைக் கழகத்தார் 1930-இல் மீண்டும் தொடங்கினர். 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. அத்துணை ஆண்டும் ஆள் இல்லையேல் வானொலி இல்லை.

ஆளை விடுத்துப் பொறியை அமர்த்தும் முயற்சி அமெரிக்க நாட்டில் 1950-களில் உருப்பெற்றது. அக்காலத்து ஏற்பாடு வியப்புக்குரியது. காந்தநாடாவில் பதித்த ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், செவிக்கு எளிதிற் புலப்படாத 25 ஹெர்ட்ஸ் தாழொலி ஒன்றைச் சேர்த்துப் பதிப்பர். அவ்வொலியைக் கேட்பதற்கென்றே அமைந்த மின்சுற்று, அதைக் கேட்டவுடன் அடுத்த நாடாப்பொறியை இயங்கச் செய்யும். மாந்தர் செவிக்கு அகப்படாத ஓரொலியால் ஒரு பொறி மற்றொரு பொறியை எழுப்பிற்று என்க. இந்நாளில் நாடாவும் இல்லை, தாழொலியும் இல்லை. யாவும் கணினியுள் அடங்கிவிட்டன. பதிவுகளையெல்லாம் எண்ணிட்டு வைக்கும் நூலகம் ஒன்று. ஒரு மணி நேரத்தில் எவ்வெந் நிமிடத்தில் எவ்வகை நிகழ்ச்சி வரல் வேண்டும் என்று வரைந்த அச்சு ஒன்று. அவ்வச்சுகளை நிரப்பி ஆக்கிய அன்றன்றை நிகழ்நிரல் ஒன்று. அந்நிரலைப் பார்த்து இயக்கும் இயக்கி ஒன்று. எந்நாட்டு மென்பொருளாயினும் இந்நான்கும் அதன்கண் இருக்கும்.

எம் போன்ற கல்லூரி நிலையங்களுக்கு இப்பொறி ஆடம்பரம் அன்று. காற்றலைகள் பொதுமக்கள் உடைமை என்று இந்திய உச்சநீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதன் பின்னர்க் கல்விச்சாலைகள் நிலையம் அமைக்க இடம் உண்டாயிற்று. 2004 பிப்ரவரி முதல் நாள் அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதற் கல்விச்சாலைச் சமுதாய வானொலி ஒலித்தது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் இவ்வுரிமை பெற்றன. இந்நிலையங்களின் ஆற்றல் 100 வாட் அளவிற்கு உட்பட்டது. எம் குரல் சுற்றுவட்டத்தில் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவே செல்லும். ஒலிபரப்பிய யாவற்றையும் மூன்று திங்கள் காத்து வைத்தல் விதி. இவ்வளவையும் செய்வோர் ஊதியம் பெறுவார் ஒருவர் இருவரும், வகுப்பு முடிந்தபின் வரும் மாணாக்கருமே. மாணாக்கரோ தேர்வுக் காலத்தில் வாரார். கோடை விடுமுறையில் ஊர் செல்வர். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கும் ஊர் செல்வர். மழை மிகுந்து விடுமுறை அறிவித்தாலும் விடுதி காலியாகிவிடும். ஆதலின் ஆண்டில் பல நாள் நிலையத்தைப் பொறியினிடம் ஒப்புவித்தேயாக வேண்டும்.

ஈண்டுத்தான் எம் ஆராய்ச்சி ஒரு திருப்பம் கொண்டது. தொடக்கத்தில் குழுவினர், 'எந்த மென்பொருள் அழகாகப் பாட்டை இணைக்கும்? எது விலை குறைந்தது?' என்றே வினவி வந்தனர். கணினி வகுப்பு நண்பர் ஒருவர் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைத் தேடியெடுத்துக் குழுவின் முன் வைத்தார். 2002 ஜனவரி 18-ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில், வடக்கு டக்கோட்டா மாநிலத்து மைனாட் நகரின் அருகே சரக்குத் தொடர்வண்டி ஒன்றின் 31 பெட்டிகள் தடம் புரண்டன. நீரற்ற அம்மோனியா நச்சுப்புகையாய்ப் பரந்தது. மக்கள் வெளியே வாராது கதவடைத்து உள்ளிருத்தல் வேண்டும் என்பதை உடனே அறிவித்தாக வேண்டும். நகர்க் காவலர் வானொலி நிலையத்தை அழைத்தனர், எவரும் எடுத்திலர். அந்நகரின் வணிக வானொலிகளுள் ஆறு ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. இரவில் அவற்றைப் பெரிதும் பொறியே நடத்தி வந்தது. நிலையத்தார், 'ஒருவர் ஆங்கு இருந்தார்; அழைப்பு மிகுதியால் தொலைபேசி அடைபட்டது' என்றனர். அவசர அறிவிப்புக் கருவியைக் காவலர் சரிவர இயக்காமையே காரணம் என்றும் வாதித்தனர். யார் கூற்று மெய்யென்ற வழக்கில் எமக்கு நாட்டம் இல்லை. ஒருவர் உயிரிழந்தார், பலர் கண்ணும் மூச்சும் பழுதுற்றனர், வானொலியோ செம்மையாய், ஒரு நொடியும் பிழையாது, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டபின் குழுவில் சிறிது நேரம் எவரும் பேசிலர். எம் நாட்டிலும் இத்தகைய இரவு வாராதென்று எவர் கூறுவார்? 2018 நவம்பர் 16-ஆம் நாள் வைகறையில் கஜா புயல் வேதாரணியத்தை அண்மிக் கரை கடந்தபொழுது யாம் பள்ளிச் சிறார். மின்கம்பங்கள் ஆயிரமாயிரமாய்ச் சாய்ந்து, நாட்கணக்கில் மின்சாரம் இன்றிக் கைப்பேசிகள் அடங்கிக் கிடந்த அந்நாட்களில், மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப்பெட்டி எத்துணை அருமை உடையதென்பதைக் கடற்கரை மாவட்டத்தார்க்கு உரைக்க வேண்டுவதில்லை. பாம்பன் தீவில் 2016 முதல் மீனவர்க்கென்றே ஒலிக்கும் கடல் ஓசை வானொலி, காற்றும் அலையும் பற்றிய செய்தியைத் தன் முதற் கடமையாய்க் கொண்டது இதனாலன்றோ? புயல் வருமென்றால் கல்லூரிக்கு விடுமுறை. விடுமுறையென்றால் நிலையத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் பொறி. ஊரார்க்கு எம் குரல் மிக வேண்டிய நாளும், அக்குரலைப் பொறியிடம் விட்டுச் செல்லும் நாளும் ஒரே நாளாய் அமைகின்றன. அந்நாளில் எம் மென்பொருள் என் செய்யும்? இவ்வொரு வினாவையே அளவுகோலாக்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம்.

அளவுகோல் மாறவே, பல மென்பொருள்கள் தாமே விலகின. ஆண்டுதோறும் அயல்நாட்டு நாணயத்தில் கட்டணம் செலுத்த வேண்டியவற்றை நிதிக்குழுவே விலக்கிற்று. அவற்றைப் பற்றி எழுதுவானேன்? எஞ்சியவை மூன்று. விண்டோஸ் கணினியில் இயங்குவதும் விலையின்றிக் கிடைப்பதுமான ரேடியோடிஜே ஒன்று. ஏர்டைம் என்பதிலிருந்து 2017-இல் கிளைத்ததும், இணைய உலாவி வழியே எங்கிருந்தும் நிகழ்நிரல் அமைக்க இடந்தருவதுமான லிப்ரடைம் மற்றொன்று. லினக்ஸ் கணினியில் இயங்கும் ரிவெண்டெல் மூன்றாவது. பின்னிரண்டும் மூலநிரல் திறந்து வழங்கப்படுபவை. எவரும் உட்புகுந்து பார்க்கலாம், திருத்தலாம்.

ரேடியோடிஜேயை விரும்பிய நண்பர்கள் கூறிய காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 'புதிதாய் வரும் முதலாண்டு மாணவன் ஒரு பிற்பகலில் இதைக் கற்றுக்கொள்வான். ரிவெண்டெலை நிறுவவே நீர் மூன்று வாரம் எடுத்தீர்' என்றனர். மெய்யே. லினக்ஸ் அறிந்த மாணவர் இருவரும் அடுத்த ஆண்டு பட்டம் பெற்றுச் செல்வர். பின்னர்ப் பழுது பார்ப்பவர் யார்? மூன்றாண்டுக்கொருமுறை முழுக்குடியும் மாறும் வீடன்றோ கல்லூரி! ஆயினும் எம் எண்ணம் வேறாயிருந்தது. நிறுவுதல் ஒருமுறை, நடத்துதல் நாடோறும். நிறுவும் முறையை ஏட்டில் எழுதி வைக்கலாம். உள்ளே என்ன நிகழ்கின்றது என்று எவரும் பார்க்க இயலாத பொறியைப் பழுது பார்க்கும் முறையை எங்ஙனம் எழுதி வைப்பது? பௌதிக ஆசிரியரும் இதனை ஒப்பினார். ஆனால், 'எழுதி வைப்பதாகச் சொன்னவர் எழுதி வைக்க வேண்டும்' என்று எம்மை நோக்கிப் புன்முறுவலோடு கூறினார். அவ்வேடு இப்பொழுது 46 பக்கம், தமிழில் உள்ளது.

தமிழ் மாணாக்கர்க்கு ஆங்கு வேலை யாதென்பது இனி விளங்கும். எம் நிலையத்தில் இரவில் தங்குபவர் ஒருவரே, அவர் காவலர். நாளிதழைத் தலையங்கம் வரை வாசிக்கும் வழக்கமுடையவர், ஆங்கிலம் அறியார். புயல் இரவில் பொறிவினைஞர் வந்து சேர இயலாதாயின், அவர் தொலைபேசியில் கூற, இவரே எச்சரிக்கையை ஒலிக்கச் செய்தல் வேண்டும். எனவே மென்பொருளின் முகப்பில் 'புயல் எச்சரிக்கை' என்பது தமிழெழுத்தில் தெளிவாய் நிற்க வேண்டும். இஃது எளிய செயல் என்று எண்ணற்க. எம் நிலையத்துப் பழைய பதிவுகளுள் பலவற்றின் பெயர்கள் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாய்த் தோன்றும். யுனிகோடில் எழுதிய பெயரும், தரவுத்தளம் அதற்கேற்ப அமையாவிடின், வரிசையாய் வினாக்குறிகளாகிவிடும். யாம் சோதித்த மென்பொருள் ஒன்றில் (பெயர் வேண்டா) 'கொம்பு'கள் யாவும் எழுத்தை விட்டுப் பிரிந்து, புள்ளிவட்டத்தோடு தனித்து நின்றன. 'வெள்ளம்' என்னும் சொல்லை அங்குக் கண்ட காவலர், 'இது என்னா தம்பி, வெத்தலை பாக்கு கணக்கா இருக்குது?' என்றார்.

மற்றொரு நாள் அவர் கேட்ட வினா குழுவில் யாரும் கேளாதது: 'தப்பா அமுக்கிட்டா என்ன ஆவும்?' இதற்கு விடை காண இரண்டு வாரம் ஆயிற்று. தவறுதலாய் அழுத்தினால் ஊர் முழுதும் கலங்கும். தவறுக்கு அஞ்சி ஐந்து படி கடந்தே ஒலிக்கும்படி வைத்தால் அவசரத்தில் உதவாது. ஒருமுறை அழுத்தினால் அவர் அறையில் மட்டும் கேட்கும்படியும், மறுமுறை அழுத்தினால் மட்டுமே வானில் ஏறும்படியும் இறுதியில் அமைத்தோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்து அறிவிப்பு வந்தபின்னரே அழுத்தல் வேண்டும் என்பதும் பொத்தானின் அருகே தமிழில் ஒட்டப்பட்டுள்ளது.

இனி மௌனத்தைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். ஒலிபரப்பில் ஓசையற்ற இடைவெளி பெருங்குற்றமாகக் கருதப்படும். ஆளில்லாத பொழுது ஒரு பதிவு பழுதுற்று ஓசை அடங்கினால், பொறியே அதனை உணர்ந்து அடுத்ததற்குச் செல்லல் வேண்டும். ஆதலின் இத்தனை நொடி ஓசை இன்றேல் தாவுக என்று மென்பொருளுக்குக் கட்டளையிடுவர். எம் நிலையத்துச் சேமிப்பில், அண்மைக் கடற்கரைச் சிற்றூரில் மீன் விற்கும் மூதாட்டியார் ஒருவர், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையைப் பற்றி உரைத்த 22 நிமிடப் பதிவு ஒன்று உண்டு. தம் கையிலிருந்து பேரன் நழுவிய இடத்தைச் சொன்னபின் அவர் 11 நொடி வாய்பேசார். அதன்பின், 'அப்புறம் தண்ணி வத்திருச்சு' என்று தொடர்வார். சோதனைக்கு வைத்த மென்பொருள் ஒன்றில் எட்டு நொடி என்று எல்லை இட்டிருந்தோம். எட்டாம் நொடியில் பொறி மூதாட்டியாரை விட்டுத் தாவி, நூலகம் திறந்திருக்கும் நேரத்தை இனிய குரலில் அறிவித்தது.

பொறியை நோதல் பொருந்தாது. அது கேட்ட அளவில் ஆங்கு ஓசை இல்லை. ஆயின் அப்பதினொரு நொடியும் அப்பதிவின் உயிர்நிலை என்பதை அறியாதார் எம் குழுவில் இல்லை. மாத்திரைக்குக் கண்ணிமைப் பொழுதையும் கைந்நொடிப் பொழுதையும் அளவாக வகுத்த தொல்காப்பியனார் ஓசைக்கே அளவு வகுத்தார். வாய்பேசாப் பொழுதுக்கு அளவு வகுத்திலர். எல்லையை உயர்த்துக என்றனர் சிலர். எத்துணை உயர்த்துவது? மெய்யாகவே பழுதுற்ற நாளில், கேட்போர் நிலையம் மாற்றிவிடுவர். பல நாள் வழக்காடியபின், ஓசை காக்கும் வேலையை ஒலிபரப்பும் கணினியினின்றும் பிரித்து, வேறொரு சிறு கணினியிடம் ஒப்புவித்தோம். அதில் இயங்குவது லிக்விட்சோப் என்னும் நிரல்மொழி. பிரான்சு நாட்டு லியோன் நகரில் மாணாக்கர் சிலர் தொடங்கிய முயற்சி அஃது என்பது எமக்கு உவகை தந்தது. முப்பது நொடி ஓசையின்றேல் அது பொறிவினைஞர்க்குச் செய்தி விடுக்கும். அறுபது நொடி கடந்தால் மட்டுமே தானாக மாற்றுப் பதிவை ஒலிக்கும். மூதாட்டியார் இப்பொழுது தம் பொழுதை எடுத்துக்கொள்கின்றார்.

முடிவில் ரிவெண்டெலையே தெரிந்தெடுத்தோம். அதன் இயக்கி மூன்று நிலையில் நிற்கும்: தானே ஓடுவது, ஆளுக்குத் துணைநின்று ஓடுவது, முற்றும் ஆளின் கைக்குள் அடங்கி ஓடுவது. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றிற்கு மாற ஒரு பொத்தான் போதும். உள்ளே வந்தவருக்குப் பொறி உடனே இடங்கொடுத்து ஒதுங்கும். இப்பண்பை வேறெதனினும் இதில் தெளிவாகக் கண்டோம். மின்சாரம் நின்று மீண்டால், விட்ட நிகழ்நிரலைத் தானே மீட்டெடுத்து ஓடுமாறு அமைக்கலாம். அதன் தரவுத்தளம் மரியாடிபி எனும் பொதுவழக்கில் உள்ளது. நாளை வேறு மென்பொருளுக்கு மாற விரும்பினும் பெயரும் எண்ணும் எம் கையில் இருக்கும். கொம்பும் காலும் தத்தம் எழுத்தோடு நின்றன. இதனைக் காவலரே சான்றுரைத்தார்.

குறைகளும் உண்டு. அதன் விளக்கநூல்கள் யாவும் ஆங்கிலம். முகப்பின் தோற்றமும் கண்ணுக்கு இனியது என்று சொல்ல மாட்டோம். மூன்று நான்கு நிமிடப் பாட்டுகளையே எண்ணி ஆக்கிய அச்சுகளில், ஐம்பது நிமிட வில்லுப்பாட்டையும் இடைவெளியற்ற கதாகாலட்சேபத்தையும் பொருத்துதல் பெருந்தொல்லையாயிற்று. ஆனால் இத்தொல்லை மற்ற இரண்டிலும் இருந்தது. இன்னொரு சிறு செய்தி: இம்மென்பொருள் 2002-ஆம் ஆண்டளவில் சேலம் ரேடியோ லேப்ஸ் என்னும் பெயருடைய அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. கிறிஸ்தவ நிகழ்ச்சிகளை மிகுதியாய் ஒலிபரப்பும் நிறுவனத்தைச் சார்ந்தது அது. விடுதியில் எம் அறைக்கு அடுத்த அறை நண்பர் சேலத்தவர்; இது தம் ஊர்ப் பொருள் என்று இரண்டு நாள் பெருமிதம் கொண்டிருந்தார். மெல்கிசேதேக்கு ஆண்ட சாலேமை ஆதியாகமத்தில் எடுத்துக் காட்டியும் அவர் மனம் மாறவில்லை.

பழைய பதிவுகளுள் 640 இன்னும் பாமினி எழுத்துருப் பெயரோடு கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் முழுதும் கேட்டு, யுனிகோடில் பெயரிட்டு, தொடக்கமும் முடிவும் குறித்து, நூலகத்தில் ஏற்றல் வேண்டும். பேச்சின் இடையே நெடிய மௌனம் உள்ளவற்றைத் தனியே குறித்தல் வேண்டும். நாளொன்றுக்கு ஒருவர் எட்டுப் பதிவு முடிக்கலாம் என்பது எம் கணக்கு. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இப்பணி முடிவுறல் நன்று. செவியும் பொறுமையும் உடைய மாணவ மாணவியர் எத்துறையினராயினும் வரலாம். வேலைநாட்களில் பிற்பகல் நான்கு மணிக்கு ஒலிக்கூடம் திறந்திருக்கும். காதணி ஒலிபெருக்கி மூன்றே உள்ளமையின், தமக்கென ஒன்று உடையவர் அதனையும் கொண்டுவருக.